ஏட்டுக் கவிதையும் பாட்டுக் கவிதையும்

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்த நம் முன்னோர், அம்மூன்றையும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கவில்லை. தேவாரத்தைப் பண் வகுத்துப் பாடினர். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றிற்கு இசை அமைத்துத் தந்தவர்கள் அவருடைய மாணவர் இருவர். கவிஞர் ஒருவர், இசை அமைத்தவர் வேறொருவர் என்னும் முறை நமக்குப் புதிதன்று.

செஞ்சியில் வாழும் நமக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. நம் ஊரை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கொண்டு, சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றிலும் பாரத விழா நடைபெறுகிறது. பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் விருத்தங்களை இராகத்தோடு பாடிப் பொருள் கூறுகிறார். இரவில் தெருக்கூத்தில் அதே கதை பாட்டும் ஆட்டமுமாக விரிகிறது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட அந்நூலை ஏட்டில் படித்தவர் சிலர். காதால் படித்தவரோ ஆயிரக்கணக்கானோர். எழுத்தறியாத மூதாட்டியும் கர்ணன் இறக்கும் இடத்தில் கண்ணீர் விடுகிறாள் எனில், அது பாட்டு நடத்திய பாடம் அன்றோ?

ஆனால் ஆங்கிலக் கவிதை என்றவுடன் நம் நிலை மாறிவிடுகிறது. பகுதி இரண்டில் வரும் ஒரு தாள், ஒரு சுருக்கம், ஐந்து மதிப்பெண் வினா. அக்கவிதைகளையும் அந்நாட்டார் பாடுகிறார்கள் என்னும் செய்தியே நம்மில் பலருக்கு எட்டுவதில்லை. ஆங்கிலக் கவிதை எவ்வாறு இசைப் பாடலாயிற்று, அதற்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பு யாது, அதனின்று மாணவராகிய நாம் கற்கத்தக்கது என்ன என்னும் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பாடலும் குழுப்பாடலும்

திரைப்படப் பாடல்களில் பெரும்பாலும் மெட்டு முன்னே வரும். சொல் பின்னே வரும். மெட்டுக்குப் பொருந்தாத சொல்லை மாற்றிக்கொள்ளலாம். மாற்றித் தரக் கவிஞரும் அருகிலேயே இருப்பார். மேலைநாட்டார் கலைப்பாடல் என்று வழங்குவது இதற்கு நேர்மாறானது. அங்கே கவிதை முன்னரே முற்றுப்பெற்று நூலில் நிற்கிறது. கவிஞர் மறைந்து நூறாண்டு ஆகியிருக்கலாம். ஒரு சொல்லை மாற்றித் தருமாறு அவரிடம் கேட்க இயலாது. இசையமைப்பாளர்தாம் கவிதையின் முன் பணிந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் ஒரே குரல், துணைக்கு ஒரு பியானோ, அவ்வளவே அதன் கருவிகள். ஜெர்மானிய மொழியில் ஷூபர்ட் என்பவர் (1797-1828) முப்பத்தொரு வயதே வாழ்ந்து, அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களை இவ்வாறு அமைத்துச் சென்றார்.

குழுப்பாடல் என்பது பலர் கூடிப் பாடுவது. நம் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவர். மேலைநாட்டுக் குழுவிலோ நான்கு பிரிவுகள் உண்டு. பெண்களின் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களின் மேல்குரல் டெனர்; கீழ்க்குரல் பேஸ். நான்கும் வெவ்வேறு சுர வரிசைகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கேட்போர் காதிலோ ஒன்றாய் இணையும். வெவ்வேறு அதிர்வெண்கள் எளிய விகிதத்தில் அமையும்போது இனிமை பிறக்கிறது என்று ஒலியியலில் படிக்கிறோமே, அந்தப் பாடத்தின் செயல்முறை விளக்கம் இதுவே எனலாம்.

இசை அமைக்கும் முறையிலும் இருவகை உண்டு. எல்லாக் கண்ணிகளையும் ஒரே மெட்டில் பாடுவது ஒன்று. நம் கும்மியும் தாலாட்டும் இவ்வகையின. கவிதையின் பொருள் மாறுந்தோறும் மெட்டும் மாறிக்கொண்டே செல்வது மற்றொன்று. முன்னது மனத்தில் எளிதில் பதியும். பின்னது கவிதையின் உணர்ச்சியை அடியடியாகத் தொடரும்.

அழுத்தமும் மாத்திரையும்

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். ஆங்கில யாப்பு அழுத்தத்தால் நடப்பது. தமிழ் யாப்பு அளவால் நடப்பது.

ஆங்கிலத்தில் 'பிரெசன்ட்' என முதல் அசையை அழுத்திச் சொன்னால் பரிசு. 'பிரிசென்ட்' என இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னால் வழங்குதல். எழுத்து ஒன்றே, அழுத்தம் இடம் மாறப் பொருளும் மாறுகிறது. ஆகவே ஆங்கிலக் கவிதைக்கு இசை அமைப்பவர், அழுத்தம் பெறும் அசை தாளத்தின் வலுவான தட்டில் விழுமாறு பார்த்துக்கொள்கிறார். அழுத்தமில்லாத அசையில் அடி தொடங்கினால், அதைத் தட்டுக்கு முன்னரே எடுத்துவிடுகிறார்.

தமிழிலோ குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. 'மலை' என்பதன் முதலெழுத்தை நீட்டிப் பாடினால் 'மாலை' ஆகிவிடும். 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். 'படம்' 'பாடம்' ஆகிவிடும். எனவே தமிழுக்கு இசை அமைப்பவர் காக்க வேண்டியது நீளத்தை. ஆங்கிலத்துக்கு அமைப்பவர் காக்க வேண்டியது எடையை.

ஒரு மொழிக்கு அமைத்த மெட்டில் மற்றொரு மொழியை ஏற்றினால் நேரும் இடர்ப்பாட்டைத் தமிழ்க் கிறித்தவத் திருச்சபைகளில் காணலாம். அங்கே பாமாலை, கீர்த்தனை என இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. ஆங்கில, ஜெர்மானியப் பாடல்களை அந்த மெட்டுகளுக்கே இணங்க மொழிபெயர்த்தவை பாமாலைகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் நம் இராக தாளங்களிலேயே இயற்றியவை கீர்த்தனைகள். பாமாலையில் மெட்டின் அளவுக்குச் சொல் அடங்கிப் போக வேண்டியிருக்கிறது. கீர்த்தனையிலோ சொல் தன் இயல்பில் நடக்கிறது. இரண்டும் பக்தியோடு பாடப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் மொழியின் நடையறிந்து மெட்டு அமைதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல ஒப்பீடு.

உறங்கிக் கிடந்த இரு கவிதைகள்

வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞர் 'மில்டன்' என்ற தம் நூலின் முன்னுரையில் ஒரு சிறு கவிதையை எழுதி வைத்தார். அந்நூல் 1804-ஆம் ஆண்டைத் தலைப்பேட்டில் தாங்கியது. அக்கவிதையை நூறாண்டுக் காலம் பெரும்பாலோர் அறியார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ஆம் ஆண்டில் ஹியூபர்ட் பாரி என்னும் இசையமைப்பாளர் அதற்கு மெட்டமைத்தார். 'ஜெருசலேம்' என்ற பெயரில் அது நாடெங்கும் பரவிற்று. பெண்களுக்கு வாக்குரிமை கோரியவர்களும் அதைத் தம் பாடலாக ஏற்றுக்கொண்டனர். இன்று இங்கிலாந்தில் பெருங்கூட்டங்கள் எழுந்து நின்று பாடும் பாடல்களில் அதுவும் ஒன்று.

நம் தமிழ்த்தாய் வாழ்த்தின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) 1891-ஆம் ஆண்டில் 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலை வெளியிட்டார். அதன் முகப்பில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கமே நாம் பாடும் வாழ்த்து. 1970-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனை அரசு விழாக்களில் பாடும் வாழ்த்துப் பாடலாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அதற்கு மோகன இராகத்தில், மூன்றன் நடையில் மெட்டு அமைத்தார். மோகனத்தைத் தமிழிசையார் முல்லைப்பாணி என்பர். 2021 திசம்பரில் அது மாநிலப் பாடல் என அறிவிக்கப்பட்டது. 55 வினாடிகளில் பாடி முடித்தல் வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. ஏட்டில் எழுபத்தொன்பது ஆண்டுகள் இருந்த கவிதை, மெட்டுப் பெற்றபின் தமிழகத்துச் சிறுவர் சிறுமியர் அனைவர் நாவிலும் ஏறிவிட்டது.

இங்கு மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. மனோன்மணீயத்தின் கதைக்கு மூலம், லிட்டன் பிரபு 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மிலேட்டஸின் மறைந்த கதைகள்' என்னும் ஆங்கிலக் கவிதை நூலில் உள்ள 'இரகசிய வழி' என்ற கதைப்பாடலாகும். ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கற்று, அதனைத் தமிழாக்கித் தன்னதாக்கிக் கொண்ட ஒரு பேராசிரியரின் நூலிலிருந்தே நம் மாநிலப் பாடல் பிறந்திருக்கிறது. ஆங்கிலம் கற்றல் தமிழுக்குப் பகை என்று கருதுவோர்க்கும், தமிழ் ஆங்கிலக் கல்விக்குத் தடை என்று கருதுவோர்க்கும் இது ஒருசேர விடையளிக்கிறது அன்றோ?

கவிதையை வெட்டலாமா?

இசையமைப்பாளர் கவிதையில் கை வைக்கலாமா என்பது பெரிய வழக்கு. ஏ. இ. ஹவுஸ்மன் என்னும் கவிஞர் 1896-ஆம் ஆண்டில் 'ஷ்ராப்ஷயர் இளைஞன்' என்ற நூலை வெளியிட்டார். 63 கவிதைகள் கொண்டது. அவற்றுள் ஒன்றில் இறந்துபோன உழவன் ஒருவன் கல்லறையிலிருந்து தன் நண்பனிடம் கேட்கிறான்: என் குதிரைகள் இன்னும் ஏர் உழுகின்றனவா? என் காதலி நலமா? நண்பன் விடை சொல்லிக்கொண்டே வருகிறான். இறுதியில் அவன் மறைக்க முயலும் உண்மை வெளிப்படுகிறது. ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1909-ஆம் ஆண்டில் இதற்கு இசை அமைத்தபோது, கால்பந்து ஆட்டத்தைப் பற்றிய இரண்டு கண்ணிகளை விட்டுவிட்டார். ஹவுஸ்மனுக்குக் கடுஞ்சினம். தம் பதிப்பாளரிடம் முறையிட்டார். இசையமைப்பாளரோ தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் தமிழ்த்தாய் வாழ்த்திலும் சுந்தரம் பிள்ளை எழுதிய அடிகள் யாவும் இடம்பெறவில்லை. தமிழிலிருந்து பிற திராவிட மொழிகள் பிறந்தமை பற்றியும், வடமொழி வழக்கொழிந்தமை பற்றியும் கூறும் அடிகள் நீக்கப்பட்டன. அவ்வாறு நீக்கியது சரியா என்னும் வாதம் இன்றும் அவ்வப்போது எழுகிறது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு கவிதை முழு உடம்பு. அதில் ஒரு விரலை வெட்டினாலும் ஊனமே என்பது கவிஞர் கட்சி. பாடல் என்பது பலர் கூடி ஒரே மூச்சில் எழுப்பும் குரல். அதில் ஒருவர் மனமும் நோகாதிருத்தல் வேண்டும், நேரமும் குறுகியிருத்தல் வேண்டும் என்பது பாடுவோர் கட்சி. எனக்குத் தோன்றுவது இது: மேடையில் சுருக்கிப் பாடலாம், ஆனால் வகுப்பறையில் முழுக் கவிதையையும் படித்தாக வேண்டும். எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று அறிந்து பாடுபவனே முழுமையாகப் பாடுகிறான். ஹவுஸ்மன் நூலை வைத்திருப்பவனுக்கு வான் வில்லியம்ஸின் வெட்டினால் இழப்பில்லை. நூலைத் தொடாதவனுக்கே இழப்பு.

போர்க்களத்துப் பாடல்கள்

ஹவுஸ்மனின் அதே கவிதைக்கு ஜார்ஜ் பட்டர்வொர்த் என்ற இளைஞரும் ஒரு கண்ணியும் விடாமல் மெட்டமைத்தார். 1911-இல் வெளிவந்த அவருடைய ஆறு பாடல்களுள் அது ஒன்று. இறந்தவன் பேசும் பகுதிக்கு மெல்லிய குரல், உயிரோடிருப்பவன் பேசும் பகுதிக்கு உரத்த குரல் என அமைத்தார். ஒருவரே பாட, இருவர் பேசுவதாய்க் கேட்கும். இளமையில் இறப்பவர்களைப் பற்றிய கவிதைகளுக்கு இசை தந்த அவர், 1916 ஆகஸ்டு 5-இல் பிரான்சு நாட்டு சோம் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

வில்பிரட் ஓவன் என்ற கவிஞரும் அதே போரில் 1918 நவம்பர் 4-இல் இறந்தார். ஒரு வாரத்தில் போர் முடிந்துவிட்டது. அவர் எழுதிய ஒன்பது கவிதைகளை, இறந்தோர்க்கான இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களோடு பின்னி, பெஞ்சமின் பிரிட்டன் 'போர் இரங்கற்பா' என்னும் பெரும் குழுப்பாடலை இயற்றினார். 1940-இல் குண்டுவீச்சில் இடிந்த கவென்ட்ரி பேராலயத்தை அடுத்துப் புதிய ஆலயம் எழுப்பப்பட்டபோது, 1962 மே 30-இல் அது அங்கே முதன்முதலாகப் பாடப்பட்டது. வழிபாட்டு வரிகளை ஒருபுறம் குழுவினர் பாட, மறுபுறம் சிப்பாயின் குரலாக ஓவனின் கவிதை எதிர்வினா எழுப்புகிறது. தாளில் தனித்தனியே கிடந்த இரண்டு நூல்கள், இசையில் ஒன்றோடொன்று வாதாடுகின்றன.

இவற்றைக் கேட்கும் செஞ்சி மாணவனுக்குத் தேசிங்கு ராஜன் கதை நினைவுக்கு வராமல் போகாது. 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த இளைஞன் அவன். அவனுடைய குதிரையும், உடன் மடிந்த நண்பன் மாவத்துகானும் கதைப்பாடலில் இன்றும் வாழ்கிறார்கள். இந்து மன்னனும் இசுலாமிய நண்பனும் ஒரே பாட்டில் ஒரே களத்தில் வீழ்கிறார்கள். ஆங்கில உழவன் தன் குதிரைகளைப் பற்றிக் கேட்பதும், தேசிங்கின் குதிரையைப் பற்றி நம் பாட்டன்மார் பாடுவதும் வெகு தொலைவில் இல்லை. நம் கோட்டை 2025-ஆம் ஆண்டில் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லைக் காக்க உலகம் முன்வந்திருக்கிறது. அக்கல்லைப் பற்றிய பாட்டைக் காப்பது நம் கடமை.

நம் மண்ணும் ஆங்கிலப் பாடலும்

ஆங்கிலக் கலைப்பாடலின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. லாரன்ஸ் ஹோப் என்ற ஆண்பெயரில் எழுதிய அடேலா புளோரன்ஸ் நிக்கல்சன், இந்தியப் படையில் பணியாற்றிய தளபதி ஒருவரின் மனைவி. 1901-இல் வெளிவந்த அவருடைய கவிதைகளில் நான்கிற்கு ஏமி வுட்ஃபோர்ட்-ஃபின்டன் 1902-இல் இசையமைத்தார். அப்பாடல்கள் இங்கிலாந்தின் வீட்டுக் கூடங்களில் எல்லாம் ஒலித்தன. 1904-இல் கணவர் சென்னையில் இறக்க, இரண்டு மாதங்களில் அவரும் உயிர் நீத்தார். இருவரும் சென்னை செயின்ட் மேரி கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அப்பாடல்களில் தோன்றும் இந்தியா, ஏர் பிடிக்கும் இந்தியா அன்று. நிலவும் தாமரையும் நிறைந்த கற்பனை இந்தியா.

சரோஜினி நாயுடு ஆங்கிலத்தில் எழுதி 1905-இல் வெளியிட்ட 'பொன் வாயில்' கவிதைகளுக்கு லிசா லேமன் என்ற ஆங்கிலப் பெண்மணி அடுத்த ஆண்டே நான்கு குரல்களுக்கான பாடல் தொகுதி அமைத்தார். இந்தியர் எழுதிய ஆங்கிலக் கவிதை, ஆங்கிலேயர் இசையைப் பெற்றது. 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிப் பிரம்மஞானக் கல்லூரியில் தங்கியிருந்தபோது தம் ஜன கண மன பாடலைப் பாடினார். அங்கே மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதினார். தாகூர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். நாட்டுப்பண்ணின் மெட்டு தாளில் ஏறியது ஒரு கல்லூரியில் என்பது மாணவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டவர். ஷெல்லியின் கவிதைகளுக்கு ரோஜர் குவில்ட்டர் போன்றோர் பின்னாளில் மெட்டமைத்தனர். ஷெல்லிதாசனோ தம் பாடல்கள் பலவற்றுக்குத் தாமே இராகமும் தாளமும் குறித்தார். நம் ஊருக்கு அண்மையில் உள்ள புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த காலத்தில் அவருடைய பெரும்படைப்புகள் பல உருவாயின. பிற்காலத்தில் எம். பி. சீனிவாசன் (1925-1988) 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதி பாடல்களைப் பல குரல் இணையும் முறையில் பாடச் செய்தார். 2005-இல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவின் துணையோடு பெரும் குழுப்பாடலாக்கினார். அதில் ஆங்கில வரிகளும் இடையே கலந்தன. மேலை முறை தமிழ்க் கவிதைக்கு ஒவ்வாது என்ற எண்ணத்தை இவர்கள் மாற்றிவிட்டனர்.

மாணவர் செய்யத்தக்கன

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மைப் போன்றோர்க்கு ஆங்கிலம் கண் வழியாகவே வந்து சேர்கிறது. காது வழியாக வருவதில்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கிறோம்; எங்கே அழுத்த வேண்டும் என்று அறியாததால் வாய் திறக்க அஞ்சுகிறோம். பாடலாக்கப்பட்ட கவிதையைக் கேட்டால், அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத் தாளமே காட்டிக் கொடுக்கும். இது இலக்கண நூல் பத்துப் பக்கங்களில் விளக்குவதைப் பத்து நிமிடங்களில் விளக்கிவிடும். கவிதையை மும்முறை கேட்டல், தாளம் தட்டி உடன் வாசித்தல், பின்னர் மெட்டை விட்டுவிட்டு அழுத்தத்தோடு உரக்கப் படித்தல் என்னும் மூன்று படிகளே போதும்.

இரண்டாவதாக, கல்லூரிதோறும் ஒரு சேர்ந்திசைக் குழு அமையலாம். அதற்குப் பியானோ வேண்டியதில்லை. பெரும் பொருட்செலவும் இல்லை. மனிதக் குரலினும் மலிவான கருவி உலகில் இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் பாட, நாம் வாய்மூடி நிற்கும் வழக்கம் மாறி, நாமே பாடலாம். 55 வினாடிப் பாடல். அதைத் திருந்தப் பாட ஒரு வாரப் பயிற்சி மிகை.

மூன்றாவதாக, நம் வீட்டுப் பாடல்களைப் பதிவு செய்தல் வேண்டும். நாற்று நடும்போதும், தொட்டில் ஆட்டும்போதும், இழவு வீட்டிலும் நம் தாய்மார் பாடும் பாடல்கள் எந்நூலிலும் இல்லை. பட்டம் பெறும் முதல் தலைமுறையாகிய நம்மிடம் எழுத்தும் இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. அவர்களிடம் பாட்டு இருக்கிறது. இரண்டும் சேர இதுவே தக்க காலம். இன்னும் இருபது ஆண்டு கழித்துத் தேடினால் பாடக் குரல் இராது.

பிளேக்கின் கவிதை ஏட்டில் இருந்ததால் நூறாண்டு காத்திருந்து மெட்டைப் பெற்றது. நம் தாயின் பாட்டோ மெட்டோடு பிறந்து ஏட்டுக்காகக் காத்திருக்கிறது. ஆங்கிலக் கவிதைக்குக் காது கொடுப்போம்; வீட்டுப் பாட்டுக்கு ஏடு கொடுப்போம். கல்வி என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே ஆகும்.